பிசிறை இழுக்காதே

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போலக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று எழுத எனக்கு வராது. முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால் மூன்று மாடியும் முனகிக்கொண்டே ஏறுகிறார், இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும்போது யாராவது வந்துவிட்டால் பாக்கெட்டில் சாவி தேடுவது போல நடிக்கிறார். மருத்துவரிடம் போகலாம் என்றால் உடனே முழங்கால் சரியாகிவிடுகிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, தானே மாற்றுகிறேன் என்று ஸ்பானரை எடுத்து மேடையில் வைத்து ஒன்பது நாள் ஆகிறது, நான் ஸ்பானரைச் சுற்றித்தான் காய் நறுக்குகிறேன். மாடி வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், நல்லவர்கள், நாற்காலியைத் தூக்கி வைக்க மட்டும் அவர்களுக்குத் தெரியாது, நாள் முழுக்க இழுக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான், தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வந்திருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், “நகச்சுற்று வந்து கீறி விட்டா எத்தனை நாள்ல ஆறும்மா?” என்று கேட்டாள். யாருக்கு என்றேன். பள்ளிக்கூட ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவளுக்கு என்றாள், சொல்லும்போதே காது இரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொல்ல வராத பெண்ணை உனக்குத் தூதாக வைத்துக்கொண்டிருக்கிறாயே, அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பிடித்து உலுக்கியதும் எல்லாம் கொட்டிவிட்டது. கட்டைவிரலைக் கடித்துக் கடித்து, ஓரத் தோலைப் பிய்த்துப் பிய்த்து, சீழ் வைத்து, கீறி எடுத்தார்கள் என்றாள். இன்னும் நான்கு விரல்கள் அதே கதிதான் என்றாள். கையில் புண்ணோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் வரக் கூடாது என்று தலைமை நர்ஸ் உன்னை வெளியே எடுத்து, கோப்பு அடுக்குகிற வேலையில் உட்கார வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கையைப் பார்ப்பார்களாம், அன்றைக்கும் ஆறாமல் இருந்தால் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். ஒரு மாதமாக வீடியோவில் உன் நெற்றியையும் உன் வீட்டுக் கூரையையும் மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. போனைச் சாய்த்துப் பிடிக்கக்கூடத் தெரியவில்லையே இவளுக்கு என்று அப்பாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. எத்தனை வருடம் சொல்லியிருப்பேன், காதில் போட்டுக்கொண்டாளா என்று அக்காவிடம் கத்தினேன். அவள் பாவம், யார் திட்டு யாருக்கோ விழுகிறது என்று துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் செருப்பு மாட்டும்போது, “அம்மாகிட்ட மட்டும் சொல்லாதேக்கா, அத மட்டும் என்னால தாங்க முடியாதுன்னு அழுதாம்மா” என்றாள். கட்டு போட்டதற்கு அழவில்லையாம், வேலை போகுமோ என்றுகூட அழவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றும் சொன்னாள். கடிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதில்லையாம், “சொரசொரன்னு ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டா, அத எடுத்துட்டா மழமழன்னு ஆயிடும்னுதான் தோணுது” என்று நீ சொன்னாயாம். உன் வாயில் வந்த அந்த மழமழ என்ற வார்த்தை என்னுடையது. அது உனக்கு எப்படி வந்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, அக்காவிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

சட்டைக் கம்பெனியில் நான் செக்கிங்குக்குச் சேர்ந்தபோது உனக்கு ஏழு வயது. இந்த இருபத்திரண்டு வருடமாக என் வேலை என்ன, தைத்து வருகிற சட்டையை மேசைமேல் விரித்து, தையல் ஓரமெல்லாம் விரலால் தடவி, எங்கே நூல் பிசிறு நிற்கிறது என்று கண்டுபிடித்து, டிரிம்மரால், அதுதான் அந்தக் குட்டிக் கத்தரியால், ஒட்ட வெட்டுவது. கண்ணைவிட விரலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றே ஒன்று, “பிசிற இழுக்காதே, வெட்டு.” இழுத்தால் கடுகளவு நின்ற நூல் சாண் நீளத்துக்கு வரும், தையல் சுருங்கும், நல்ல சட்டை வீணாகும். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதே நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், கையைக் காட்டு என்று உன்னை நிற்க வைத்து, பத்து விரலையும் சட்டைத் தையல் மாதிரி தடவிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பாஸ் என்பேன், இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்பேன். அப்பா சிரிப்பார், அக்கா கைதட்டுவாள், நீயும் சேர்ந்து சிரித்தாய் என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நகத்தோரம் தோல் பிசிறு நின்றால் என் நகத்தாலேயே கிள்ளிப் பிடித்து இழுத்து எடுப்பேன். வலிக்குதும்மா என்பாய். கொஞ்சம் பொறு, மழமழன்னு ஆயிடும் என்பேன். ஒரு சட்டையைக்கூட நான் அப்படி இழுத்ததில்லை. கம்பெனியில் யாராவது இழுத்தால் கையில் தட்டுவேன். வீட்டில் தினமும் இழுத்தேன், அதுவும் உன் தோலை, எனக்கு அது உறைக்கவே இல்லை. கசப்பு மருந்து தடவினேன், நீ அதற்கும் பழகிக்கொண்டாய், காபியில் சர்க்கரை ஒரு மணி குறைந்தால் கண்டுபிடிக்கிற பிள்ளை அந்தக் கசப்பை நக்கிவிட்டுக் கடித்தாய். பத்து விரலுக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன், பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்தார்கள், அப்போதாவது ரோஷம் வரும் என்று பார்த்தேன். ரோஷம் வந்ததா என்று தெரியாது, கையை மறைக்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

இதைவிட ஒன்று இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்குமே, டிரிம்மர் வெட்டிவிட்டது என்று சொல்வேனே, நினைவிருக்கிறதா. நீகூட ஒருமுறை, என்னம்மா உனக்கு வெட்டாத நாளே இல்லையா என்று கேட்டாய். டிரிம்மர் என்னை மொத்தமாக மூன்று தடவை வெட்டியிருக்கும். மற்றதெல்லாம் நானே பிய்த்தது. மேசைக்கு அடியில், பஸ்ஸில், உங்கள் பரீட்சை நாட்களில், அப்பாவுக்கு வேலை இல்லாமல் இருந்த அந்த ஏழு மாதமும், ஆட்காட்டி விரல் நகத்தால் கட்டைவிரலைச் சுரண்டிக்கொண்டே இருப்பேன். எனக்கு உன்னைப் போலப் பல்லில் வைக்கிற பழக்கம் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை, நானும் அதை ஒரு பழக்கமாகவே எண்ணவில்லை, கை சும்மா இருக்காது என்று விட்டுவிட்டேன். என் கையை ஒளித்து வைத்துக்கொண்டு உன் கையைத்தான் தினமும் பரிசோதித்தேன். இந்த வீட்டில் இந்தக் கோளாறு தனக்கு மட்டும்தான் என்று நீ நினைத்து வளர்ந்திருப்பாய்.

அக்கா வந்து போன வாரத்தில் கம்பெனியில் ஒன்று நடந்தது. அவள் போனதிலிருந்து நாலு நாளாக என் விரலை நான் விடவே இல்லை. வெள்ளைச் சட்டை லாட் ஓடிக்கொண்டிருந்தது, பதினொரு சட்டைக் காலரில் மிளகு அளவுக்குச் சிவப்பாகப் புள்ளி இருக்கிறது என்று பேக்கிங்கிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் உன்னைவிடச் சின்னவள், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு தேடுகிற ரகம். செக்கிங்கில் இருக்கிற ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கையைக் காட்டச் சொன்னாள். நான் கடைசி ஆள். எனக்கு முன்னால் ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டும்போது, பார் பொடிசு, ஐம்பத்தி நாலு வயதில் கையைக் காட்டப் பயந்துகொண்டு நின்றேன். முந்தானைக்குள் கட்டைவிரலைச் சுருட்டி வைத்தேன். டிரிம்மர் வெட்டிவிட்டது என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்துவிட்டது, பழகின பொய், சுலபமாக வரும். எனக்குப் பக்கத்தில் நின்றவள் போன மாதம் வந்தவள், அவள் கையில் நிஜமாகவே ஒரு வெட்டுக்காயம் இருந்தது, சூப்பர்வைசர் அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கையை வெளியே எடுத்து, ரத்தம் என்னுடையதும்மா, வெட்டியதில்லை, நானே பிய்த்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துப் பார்த்தாள், தடவவில்லை, சும்மா பார்த்தாள். “ஆறட்டும், அப்புறம் வாங்க” என்றாள், அவ்வளவுதான். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டு, அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக டிரிம்மர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவமானமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பூசி மெழுக மாட்டேன், மற்றவர்கள் வந்து வந்து விசாரிக்கிறார்கள். நீயும் இப்படித்தான் கோப்பை அடுக்கிக்கொண்டு, தியேட்டர் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று லேபிளை ஒட்டும்போதெல்லாம் நினைக்கிறேன். நான் உனக்கு ரிஜெக்ட் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஆறட்டும் என்று ஒரு தடவையாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது முனை மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாவை உனக்குத் தெரியும், இருமல் மருந்து கேட்டால்கூடப் பரீட்சையில் காப்பி அடித்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். கையைக் காட்டினேன். இதுக்கு மருந்து பாதி, மீதி நீங்கதான் என்றாள், நீளமாக ஒரு பாடம் நடத்தினாள். நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா, ஆனாலும் மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் தனக்குச் செய்துகொள்வதில்லை, அதனால் எழுதுகிறேன். நகம் முளைக்கிற இடத்தில் இருக்கிற மெல்லிய தோலைக் கத்தரிக்கவும் கூடாதாம், பின்னால் தள்ளவும் கூடாதாம், கிருமி உள்ளே போகாமல் மூடி வைத்திருப்பதே அதுதானாம். நகத்தைக் குட்டையாக வெட்டி அரத்தால் ராவி வைத்துக்கொண்டால் பிடித்து இழுக்க முனை கிடைக்காதாம். புண் மூடியிருக்கிற விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும், கை கழுவுகிற ஒவ்வொரு தடவையும் தடவ வேண்டும், உன் வேலையில் எத்தனை தடவை கழுவுவாயோ கடவுளே. கீறின விரலை மட்டும் உங்கள் டாக்டர் சொன்னபடி வைத்துக்கொள், என் பேச்சைக் கேட்டு எதையாவது தடவாதே. தோல் பிசிறு நின்றால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா, சுத்தமான கட்டரால் அடியோடு வெட்ட வேண்டுமாம், “எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது” என்றாள். கவுண்டரில் நின்றபடியே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விலை கேட்டு அழுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சின்ன டப்பாவும் இருக்கு என்றாள்.

பதினோரு நாளாக நானும் செய்து பார்க்கிறேன், செய்ததைச் சொல்கிறேன், செய்யாததைச் சொல்ல மாட்டேன். பத்து விரலையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள், ஒரு விரலை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள் என்று அந்த மருந்துக் கடை அம்மா சொன்னாள், அது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் ஒத்துவந்தது. இடது சுண்டுவிரலை விட்டேன், அது இன்றைக்குக் குழந்தை விரல் மாதிரி இருக்கிறது. கட்டைவிரல் ஆறுகிறது, மேல்தோல் காயும்போது நமைச்சல் எடுக்கிறது, அந்த நேரம்தான் ஆபத்து, நான் மூன்றாம் நாள் அதை மறுபடி பிய்த்துவிட்டேன், பிய்த்த பிறகுதான் பிய்த்ததே தெரிந்தது. கை எப்போது பிய்க்கப் போகிறது என்று எழுதிப் பார்க்கச் சொன்னாள். எழுதினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, அடுப்பில் வைத்துவிட்டு நிற்கும்போது, அப்பா மாடி ஏறுகிற சத்தம் இரண்டாவது மாடியில் நிற்கும்போது. எல்லாம் காத்திருக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குக் கையில் எதையாவது கொடு, நான் ஒரு ரப்பர் பேண்டைப் பிடித்துக்கொள்கிறேன், அசடு போலத்தான் இருக்கிறது. அப்பாவும் தன் பங்குக்கு உதவி செய்தார், மின்சார வேலைக்குப் போடுகிற ஆரஞ்சு நிறக் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்து டிவி பார்க்கும்போது போட்டுக்கொள் என்றார். முழங்கை வரைக்கும் வருகிறது. போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், சேனல் மாற்ற முடியவில்லை, அவருக்குப் பிடித்ததையே இரண்டு மணி நேரம் பார்த்தேன், யோசித்துப் பார்த்தால் அதற்குத்தான் கொண்டுவந்தாரோ என்னவோ. உனக்குப் பஞ்சு நூல் கையுறை மெல்லியதாகக் கிடைக்கும், ஜெல்லி தடவிப் போட்டுக்கொண்டு படு. ஒரு நாள் தவறிவிட்டால் தவறிவிட்டது, மறுநாள் மறுபடி தடவு, உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, அந்த வேலையை நான் வேண்டிய மட்டும் செய்து முடித்துவிட்டேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது பொடிசு. உன்மேல் கோபம் இல்லை, அது அன்றைக்கே வற்றிவிட்டது. தியேட்டர் வேலைக்காக நீ எப்படிப் படித்தாய், எத்தனை பேரைத் தாண்டி அந்த இடத்துக்குப் போனாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அது போய்விடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனாலும் நீ போய்விட மாட்டாய், வேறு வார்டு இருக்கிறது, வேறு வருடம் இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் நீ வலியோடு இருந்தாய், உன் தாயிடம் சொல்வதைவிட அந்த வலியே மேல் என்று இருந்தாய், அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று அம்மாக்கள் எழுதுவது வழக்கமில்லை, எனக்கும் எழுதத் தெரியவில்லை, எழுதியதாக வைத்துக்கொள். அக்காவைத் திட்டாதே, அவள் காதுதான் காட்டிக்கொடுத்தது, அவள் இல்லை.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் முழுதாக முடி. கோப்பு அடுக்கும்போது காகித முனை கிழிக்கும், விரலுக்கு உறை போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு, இரண்டு கையும் பத்து விரலும் நல்லபடியாக இருந்து நீ நீண்ட நாள் சுகமாக வாழ வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், குழாயைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கையைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று சொல். ஆறிவிட்டது என்று சொன்னால் யாருக்கு வேண்டுமானாலும் முதலில் சொல்லிக்கொள், அக்காவுக்குச் சொல், சிநேகிதிகளுக்குச் சொல், எனக்கு மெதுவாகத் தெரிந்தால் போதும். ஆறவில்லை என்று சொன்னால் முதலில் எனக்குச் சொல்.

உன்
அம்மா